சம்பந்தி வீட்டாருக்குக் காய்ச்சல் சாப்பாடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி மருமகளின் ஃபிரிட்ஜில் வந்து முடியும். என் வீட்டில் நேற்றுதான் அந்தச் சண்டை. நாலு துண்டு பழைய ரொட்டியை மருமகள் குப்பைக் கூடைக்குக் கொண்டு போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “இதை வெச்சு என்னத்த பண்ணப் போறீங்க?” என்றாள். என்னத்தைப் பண்ணுவதா! ரொட்டியை வைத்து என்னவெல்லாம் பண்ணலாம் என்று அவளுக்குச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை, கேட்க அவளுக்கு நேரமில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். யுத்தகாலத்தில் ரேஷன் வரிசையில் நின்ற கால்களுக்குத்தான் இந்தக் கதை புரியும்.

எங்கள் வீடு குன்னூர் கீழ் பஜாரில், எங்கள் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பலகைத் தளம். கீழே அடுப்பு எரிந்தால் மேலே பாதம் சுடும். ஊரே கம்பளிக் காலுறையோடு நடுங்கும்போது நான் வெறுங்காலோடு திரிவேன். அத்தாவிடம், அதாவது என் தகப்பனாரிடம், ரொட்டி வாங்குகிறவர்கள் எஸ்டேட் துரைமாரும் வெலிங்டன் பட்டாளத்தாரும்தான். நம் ஆட்கள் யாராவது கடைப்படி ஏறினால் அத்தா கேட்கும் முதல் கேள்வி, “ஊட்ல யாருக்குங்க காச்சலு?” என்பதுதான். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் நமக்கு ரொட்டி என்பது பலகாரம் இல்லை, பாதி மருந்து. காய்ச்சலில் கிடப்பவருக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. நல்லபடியாக இருக்கிற மனிதர் முன்னால் ரொட்டியை வைத்தால் ‘உனக்குச் சீக்கு’ என்று சொல்வது போல.

இந்த ரொட்டி என் அக்காவின் கல்யாணத்துக்கே குறுக்கே நிற்பதாக அத்தா நம்பினார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்கு ஒன்பது. அவளைப் பார்க்க இரண்டு வீட்டார் வந்து போய்விட்டார்கள். முதலில் வந்தவர்களுக்கு அத்தா பெருமையாக, அடுப்பிலிருந்து எடுத்த பன்னில் வெண்ணெய் தடவி வைத்தார். வந்த பெரியம்மா தட்டை மோந்து பார்த்துவிட்டு, “எங்க யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே” என்றாள். போனவர்களிடமிருந்து பதிலாக எந்தத் தாக்கலும் வரவில்லை. இரண்டாவது வீட்டாரும் அப்படியே. “ரொட்டிக்காரன் பொண்ணுன்னு ஒதுக்கிட்டாங்க” என்று அத்தா இடிந்து உட்கார்ந்தார். மூன்றாவதும் தவறினால் பெண்ணுக்கு ராசியில்லை என்று ஊர் சொல்லும். அதற்குப் பிறகு யார் வருவார்கள்?

மூன்றாவது வரன் பொள்ளாச்சியிலிருந்து வந்தது. பெரிய கடலைக்காய் மண்டி, ஐந்து ஜோடி மாடு என்று தரகர் அளந்து வைத்திருந்தார். ஐப்பசி மாதத்து மழையில், ஒரு சனிக்கிழமை மத்தியான ரயிலில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவருடைய அண்ணனான ஒரு பெரியவர், கூட அந்த அம்மாவின் நாத்தனார்கள் இரண்டு பேர். மொத்தம் நாலு பேர். இராத்தங்கி, பெண்ணைப் பார்த்துவிட்டு மறுநாள் ரயிலில் இறங்கிப் போவதாக ஏற்பாடு. விருந்துக்கு அரிசி மூட்டையோடு மறுநாள் காலை வண்டியில் என் மாமு மேட்டுப்பாளையத்திலிருந்து வருவதாக இருந்தது. பர்மா அரிசி நின்றுபோன வருஷங்கள் அவை. ஒரு மூட்டை அரிசி சேர்ப்பதற்கு மாமு எத்தனை பேர் காலைப் பிடித்தாரோ.

அதே சனிக்கிழமைதான் கீழே அடுப்பில் துரைமார் கிளப்புக்குத் தொண்ணூறு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அவர்களுக்கு விளையாட்டும் கூத்துமாம். எல்லா எஸ்டேட்டிலிருந்தும் துரைமார் வந்து சேர்வார்கள் என்று மொத்த மைதாவையும் அத்தா பிசைந்து தீர்த்திருந்தார்.

அன்றிரவு பெய்தது மழையா! விடிந்தபோது மலை ரயில் பாதையில் பாறை உருண்டு தண்டவாளம் பெயர்ந்து கிடந்தது. மேட்டுப்பாளையம் ரோடு இரண்டு இடத்தில் சரிந்திருந்தது. வந்த விருந்தாளிகளான ஒறம்பரை கீழே போக முடியாது, அரிசியும் மாமுவும் மேலே வர முடியாது. எட்டு மணிக்குக் கிளப்பின் சேவகர் நனைந்த சீட்டு ஒன்றோடு வந்தார். எஸ்டேட் ரோடெல்லாம் அடைபட்டதால் துரைமார் வரவில்லை, ரொட்டி வேண்டாம்.

அத்தா அடுப்பு முன்னால் நின்ற நிலை இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பலகையில் வரிசையாகத் தொண்ணூறு ரொட்டி, பொன்னாட்டம். மேலே சம்பந்தி ஆகப்போகிறவர்கள் நாலு பேர். பானையில் ஒருவேளைக்கு அரிசி. அவர்கள் கண்ணில் காட்டக் கூடாத சாப்பாடு தவிர வீட்டில் வேறு சாப்பாடே இல்லை. முப்பது ரொட்டியைச் சரிவில் மண் அள்ளுகிற ஆட்களுக்கு அனுப்பினார். மிச்சம் அறுபதைத் தூக்கிப் போடவும் முடியாது. கீழே விழுந்த ரொட்டித் துண்டைக்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனிதர் அவர். வைக்கவும் முடியாது, எறியவும் முடியாது.

“இந்த ஊட்டுல ரொட்டிங்கற பேச்சே வரக்கூடாது. தெரிஞ்சுதா?” என்று என் காதைப் பிடித்தார். நான் என்ன செய்தேன்? அம்மா பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் இருக்கும்போது பெண் அடுப்படியில் நிற்கக் கூடாது, வாய் திறந்து பேசவும் கூடாது. தலையில் முக்காடு போட்டு உள்ளறையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பொம்மை பின்பக்க ஏணி வழியாக அடுப்புக் கூடத்துக்கு இறங்கி வந்து நின்றது.

“ஏனுங்க அத்தா, ரொட்டின்னு தெரியக் கூடாது, அவ்வளவுதானுங்களே?” என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்குத் தொடங்கிய திருவிழா ஐந்து நாள் ஓடியது.

முதலில் நானும் அக்காவும் ரொட்டியின் தோலை உரித்தோம். உள்ளே இருக்கும் வெள்ளையைப் பிய்த்து உதிர்த்துத் தட்டில் பரப்பி, அடுப்பின் கடைசிச் சூட்டில் காயவைத்தோம். காய்ந்ததை உலக்கையால் நாலு போடு போட்டால் ரவை! கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி தாளித்து, வெந்நீர் தெளித்துக் கிளறினால் உப்புமா. முதல் தட்டு மேலே போனபோது நான் ஏணியின் நடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பெரியவரின் குரல் கேட்டது. “இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?”

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து மாவுக் கையால் என் கன்னமெல்லாம் பூசினாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மத்தியானம் கறிக்கடையிலிருந்து அரைச் சேர் கொத்துக்கறி வந்தது. நாலு பேருக்கு அது பல்லிடுக்குக்குக்கூடக் காணாது. அக்கா அதோடு ஆறு ரொட்டித் தூளைப் பிசைந்து, சோம்பு தட்டிப் போட்டு உருண்டை பிடித்துப் பொரித்தாள். கறி உருண்டையில் கறி எங்கே என்று தேடத்தான் வேண்டும், ஆனால் வாசனை மட்டும் தெருக்கோடி வரைக்கும் போனது. மறுநாள் ரொட்டியைப் புளித்த தயிரில் ஊறவைத்துக் கரைத்து, மிளகு தட்டிப் போட்டு அடை. அடுத்த நாள் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து நெய்விட்டுக் கிளறி அல்வா. கீழ்நாட்டிலிருந்து தேங்காய் வராததால் குழம்பு நீர்த்துப் போயிற்று. வறுத்த ரொட்டித் தூள் ஒரு கை போட்டதும் கெட்டிப்பட்டது. உரித்த தோலைக்கூட விடவில்லை. கருக வறுத்து இடித்து, தட்டுப்பாடாக இருந்த காப்பித்தூளோடு கலந்தாள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுப் பெரியவர், “எஸ்டேட் காப்பின்னா எஸ்டேட் காப்பிதான்” என்றார்.

எங்களுக்கு வேண்டியது ருசி மட்டுமல்ல, வேகமும்தான். அந்த ஈரத்தில் ரொட்டிக்கு ஐந்தாம் நாள் பூஞ்சணம் பிடித்துவிடும். விடிந்ததும் நான் ஓடிப்போய் ஒவ்வொரு ரொட்டியாகப் புரட்டிப் பார்ப்பேன். பச்சைப் பொட்டு தெரிகிறதா? இல்லை! இன்னும் ஒரு நாள் ஜெயித்தோம்! பள்ளிக்கூடம் வேறு மழைக்கு லீவு. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமான வாரம் இன்னொன்று வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

அத்தாவின் பாடுதான் பாடு. வந்த அன்றைக்கே பெரியவரிடம், “யுத்தத்துல மைதாவே வர்றதில்லீங்க, ரொட்டி போட்டுப் பத்து நாளாச்சுங்க” என்று ஒரு பொய் சொல்லிவிட்டார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் வேண்டுமல்லவா? ரொட்டி போடாத வீட்டில் தளம் ஏன் சுடுகிறது? “ஒறம்பரைக்குக் குளிருமேன்னு கீழ தணல் போட்டு வெச்சிருக்குதுங்க.” இந்த வாசம்? அதற்குச் சாம்பிராணி. வேளைக்கு ஒரு தரம் புகை போட்டுப் போட்டு, அந்த வாரம் எங்கள் வீடு தர்கா மாதிரி மணந்தது.

வந்தவர்கள் சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பருத்த எலும்பு, அதட்டலான குரல். ஆனால் தட்டு முன்னால் வந்தால் பேச்சே கிடையாது. கவனமாக, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவார். மற்றவர்களும் அப்படித்தான். அத்தா பூரித்துப் போனார். “பெரிய எடத்து நாக்கு. ருசி தெரிஞ்சவங்க” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

நான் வேறொன்று பார்த்தேன். மூன்றாம் நாளும் கறி உருண்டை பொரித்தோம். எல்லாரும் கை கழுவப் போனபோது, மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து நாலு கறி உருண்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் அல்வாவை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் போட்டார். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் முடிச்சுப் போடுவதை நான் நடித்துக் காட்ட, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ‘முடிச்சு மாமி’ என்று நான் பேர்கூட வைத்தேன். அந்தப் பேரை வைத்த நாக்கை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் வந்தது வினை. கீழ்நாட்டு உடம்பு எங்கள் பனியைத் தாங்குமா? மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விடியும்போதே நடுக்கம். மத்தியானத்துக்குள் நெற்றி கொதித்தது. மூன்று கம்பளிக்குள்ளிருந்து அவர் கேட்டார். “வாய் கசக்குதுங்க. ரெண்டு துண்டு ரொட்டி பால்ல நனைச்சுக் குடுங்க. ரொட்டிக்காரர் ஊட்ல அது கூடவா இல்லாமப் போயிரும்?”

நீங்களே சொல்லுங்கள், இப்படியும் ஒரு சோதனை உண்டா! ஐந்து நாளாக ரொட்டியை ஒளித்த வீட்டில் காய்ச்சல்காரி ரொட்டி கேட்கிறாள். அத்தா அறை வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. இருக்கிறது என்று சொன்னால் பத்து நாளாகப் போடவில்லை என்றது பொய்யாகும்.

“இல்லீங்களே... மாவு வர்லீங்க...” என்று இழுத்தார்.

“உங்க ஊட்டுப் பச்சப் புள்ளைக்கு ஒரு காச்சல் வந்தாக் கூடவா குடுக்க ஒரு துண்டு இல்ல?” நாத்தனார்களில் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். பெரியவர் கனைத்தார். மூன்றாவது வரனும் ஏணி இறங்குவது எனக்கே தெரிந்தது. அம்மா என் கையை வலிக்க வலிக்க இறுக்கினாள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. ஐந்து நாளாக ஒரு வார்த்தை பேசாத பொம்மை கையில் தட்டோடு வெளியே வந்தது. தட்டில் கடைசி ரொட்டியின் நாலு துண்டு, பக்கத்தில் சூடான பால். பூஞ்சணம் பிடிப்பதற்கு முந்திய ரொட்டி.

“இந்தாங்க மாமி. அத்தா மேல கோவிச்சுக்காதீங்க. ரொட்டி இருந்துச்சுங்க. அஞ்சு நாளா நீங்க சாப்பிட்டதெல்லாம் அந்த ரொட்டிதானுங்க.”

திரைக்கு இந்தப் பக்கம் அத்தா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எது? அந்த உப்புமாவா?”

“ஆமாங்க.”

“உருண்டை?”

“அதுவுந்தானுங்க.”

“அல்வா!”

அக்கா தலையை ஆட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா கம்பளிகளை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். “அதான பார்த்தேன்! காச்சல் ஏன் வருதுன்னு இப்பத்தானே தெரியுது! சீக்கில்லாதவங்க காச்சக்காரங்க சோத்தைத் தின்னா, காச்சலை வா வான்னு கூப்புட்ட மாதிரி ஆகாதா?”

இந்த நியாயத்தை நம் ஆட்கள் தவிர யாராவது கண்டுபிடிக்க முடியுமா? சொல்லி வாய் மூடவில்லை, ஒரு நாத்தனார் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “எனக்கும் சுடுதுங்க அண்ணி” என்றாள். இன்னொருத்திக்குக் கைகால் உளைந்தது. பெரியவர் சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். பத்து நிமிஷத்தில் எங்கள் வீடு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அத்தாவே அதை நம்பிவிட்டார். “வந்தவங்களுக்குச் சீக்கை ஊட்டி உட்டுட்டனே” என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு திரைக்குள்ளே பாய்ந்தேன். “நான் பொறந்ததுல இருந்து மிச்ச ரொட்டிதான் திங்கறேன்! எனக்கு ஏன் காச்சல் வர்ல?”

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தார். நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், கடைசியில் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “இவளுக்கு என்ன கேடு, கன்னுக்குட்டியாட்டம் இருக்கறா” என்று முணுமுணுத்தார். சால்வைக்குள்ளிருந்து பெரியவரின் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா அக்கா பக்கம் திரும்பினார்.

“எல்லாம் உன்ற கை வேலையா கண்ணு?”

“ஆமாங்க மாமி.”

“எத்தன ரொட்டி?”

“அறுபதுங்க.”

“அதுல எத்தன வீணாச்சு?”

“ஒண்ணும் இல்லீங்க. தோலைக் கூட காப்பித்தூள்ல போட்டுட்டேனுங்க.”

அந்த முரட்டு முகம் முதல்முறையாகச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. காய்ச்சல் கண்ணீர் என்று நான் நினைத்தேன். திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “ஏனுங்க ரொட்டிக்காரரே! தட்டு மாத்தறதுக்கு வேண்டியதை எடுத்து வெய்யுங்க. இந்தப் புள்ளைய நான் வேற யாருக்கும் உட மாட்டேன்.”

அத்தா தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் ஏணியில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அன்று மாலை நாலு காய்ச்சல்காரர்களும் எழுந்து உட்கார்ந்து மிச்சமிருந்த அல்வாவைத் தின்றார்கள். ரோடு திறந்ததும் இறங்கிப் போனார்கள். இரண்டு மாதத்தில் கல்யாணம் முடிந்தது. பெரிய இடத்தில் பெண் கொடுத்ததாகக் குன்னூர் பஜார் முழுக்க அத்தா தலை நிமிர்ந்து நடந்தார்.

அக்கா முதல் பெருநாளுக்கு வந்தாள். ரயிலிலிருந்து இறங்கியவளை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. வந்ததும் வராததுமாக அடுப்புக் கூடத்தில் உட்கார்ந்து சூடான ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். அத்தாவுக்கு ஒரே குஷி. “சொல்லும்மா, அங்க மிச்சம் மீதிய வெச்சு என்னென்ன பண்றே? உங்க மாமி அசந்து போயிருப்பாங்களே?”

அக்கா வாயிலிருந்ததை விழுங்கினாள். “மிச்சம் இருந்தாத்தானுங்க அத்தா, அதை வெச்சுப் பண்ணறதுக்கு.”

மெதுவாகச் சொன்னாள். மண்டி பூட்டி இரண்டு வருஷமாகிறது. மாடெல்லாம் விற்றாயிற்று. மாப்பிள்ளை பஞ்சு ஆலையில் கூலிக்குப் போகிறார். வீட்டில் மாப்பிள்ளைக்குக் கீழே தகப்பனில்லாத மூன்று சிறுசுகள் உண்டு; முந்தானையில் முடிந்த உருண்டையும் காகிதத்தில் மடித்த அல்வாவும் அவர்களுக்குத்தான் போயிருக்கிறது. “மாமி தங்கமானவங்க அத்தா. எனக்குப் போட்டுட்டுத்தான் அவங்க சாப்புடுவாங்க. நாங்கூட ஏமாத்திட்டாங்கன்னு மொதல்ல அழுதேன். அப்பறம் யோசிச்சா, நம்மளுந்தான ஒளிச்சோம்.”

ருசி தெரிந்த நாக்கு என்று நாங்கள் பூரித்ததெல்லாம் பசி. நாங்கள் ரொட்டியை ஒளித்துக்கொண்டு நின்றோம், அவர்கள் பசியை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வயதில் எனக்கு இது பாதிதான் புரிந்தது. மீதி புரிந்தபோது மன்னிப்புக் கேட்க அந்த மாமி உயிரோடு இல்லை.

அத்தா எழுந்து ஒரு சாக்கை உதறி, பலகையிலிருந்த ரொட்டிகளை அடுக்கத் தொடங்கினார். பாதியில் கை நின்றது.

“ஏம்மா, சம்பந்தி ஊட்டுக்கு ரொட்டிய எப்பிடிக் குடுத்து உடறது? அல்வாவாக் கிண்டிக் குடுக்கட்டுமா?”

“ரொட்டின்னு சொல்லியே குடுங்க அத்தா,” என்றாள் அக்கா. “அங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”